பந்தைக் கீறிய கை

பந்தில் கை வைக்கிற பிட்சரை எப்படிப் பிடிப்பது என்று எந்த சாஃப்ட்பால் அம்பயரைக் கேட்டாலும், கையைப் பார் என்பான். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பந்து எறிகிறவளின் கை எங்கே போகிறது? இடுப்புக்கா, கழுத்துக்கா, தலைமுடிக்கா? போன கையைச் சட்டையில் துடைத்தாளா, துடைக்காமல் பந்தைத் தொட்டாளா? எச்சில், எண்ணெய், மெழுகு, நகத்துக்கு அடியில் ஒட்டிய உப்புத்தாள் துண்டு என்று எத்தனையோ வகை. ஒரு பக்கம் சொரசொரப்பான பந்து காற்றில் ஒழுங்காக வராது. அடிக்கிறவள் மட்டையை வீசும் நேரத்தில் முழங்காலுக்குக் கீழே போய் விழுந்திருக்கும். அதற்காகத்தான் இத்தனை அயோக்கியத்தனமும்.

தண்டனை என்னவென்றால், முதல் தடவை அந்த வீச்சு செல்லாது, எதிராளிக்கு ஒரு 'பால்' இலவசம். நாலு 'பால்' சேர்ந்தால் அடிக்கிறவள் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இரண்டாவது தடவை செய்தால் பிட்சர் மைதானத்தை விட்டு வெளியே. எங்கள் லீக்கில் இன்னொன்றும் உண்டு. ஒரே சீசனில் இரண்டு ஆட்டத்தில் இப்படி வெளியேற்றப்பட்டால் ஒரு வருஷம் மட்டையையும் தொடக்கூடாது, பந்தையும் தொடக்கூடாது.

விதியை எழுதி வைத்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் பிட்சரைத் தவிர வேறு யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. அதில்தான் என் மச்சினன் ஓட்டை கண்டுபிடித்தான்.

நான் ஆயுளில் பாதியைக் குழாய் தயாரிக்கிற தொழிற்சாலையின் வாசலில் கழித்தவன். வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பது என் வேலை. சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் பித்தளைத் திருகு போகும். செருப்புக்குள் போகும். கைக்குழந்தையின் துணிக்குள்கூடப் போனது உண்டு. யாரையும் நம்பாதே என்று சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. உப்புப் போட்டாச்சு என்று பெண்டாட்டி சொன்னாலும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன். அதனால்தான் என்னை அம்பயராகப் போட்டார்கள். 'சந்தேகம்' என்று எனக்குப் பட்டப்பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

அன்றைக்கு ஆட்டம் சலவைக்கூடத்துக்கும் பஸ் டிப்போவுக்கும். சலவைக்கூடம் என்றால் ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாவற்றின் படுக்கை விரிப்பையும் துவைக்கிற பெரிய கொட்டகை. அங்கே வேலை பார்க்கிற பெண்களின் அணிக்குப் பயிற்சியாளர் என் மச்சினன், என் பெண்டாட்டியின் தம்பி. கொட்டகையிலும் அவன்தான் சூப்பர்வைசர். கேட்சர் அவனுடைய மகள். அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடித்துப் பிட்சருக்குத் திருப்பி எறிகிற வேலை அவளுக்கு. எனக்கு மருமகள் முறை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கல்யாண வயது வந்தும் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுவோம்.

சொந்தக்காரன் ஆட்டத்துக்கு நீ எப்படி அம்பயர் என்று கேட்கலாம். லீக்கில் இருப்பதே இரண்டு அம்பயர். இன்னொருவனுக்குக் கண்ணில் புரை. சொந்தக்காரன் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக்கூடாது என்று சலவைக்கூடத்தை நான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கெடுபிடி செய்வேன். அது எல்லாருக்கும் தெரியும். மச்சினனுக்கு மிக நன்றாகத் தெரியும்.

பிட்சர் ஒரு நெட்டைப் பெண். நெட்டை என்றே பேர். ஈர விரிப்பைச் சுருட்டித் தூக்கித் தூக்கித் தோள் இரும்பு. கையைச் சக்கரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து விட்டாள் என்றால் பந்து சீறும். கொட்டகையில் அவள் தற்காலிகம். அணிக்காக எடுத்த பெண், அணியில் இருந்தால்தான் வேலை என்று மச்சினன் எல்லார் காதிலும் விழச் சொல்லி வைத்திருந்தான். வீட்டில் படுக்கையில் கிடக்கிற அப்பா, சம்பாதிக்கிற ஆள் இவள் ஒருத்தி. சீசன் தொடக்கத்தில் புரைக்கண் அம்பயர் கீறல் விழுந்த பந்தோடு இவளைப் பிடித்து வெளியேற்றியிருந்தான். இன்னொரு தடவை என்றால் ஒரு வருஷம் தடை, தடை என்றால் வேலையும் போச்சு. இது தெரிந்துதான் நான் மைதானத்துக்குள் போனேன். தெரிந்து, என்ன நினைத்தேன்? ருசி கண்ட பூனை, இன்றைக்கும் பானையை உருட்டும் என்று நினைத்தேன்.

பொடிசு கவசங்களை மாட்டிக்கொண்டு என் முன்னால் குந்தினாள். நான் அவள் தலைக்கு மேலே குனிந்தேன்.

"என்ன மாமா, முட்டியில கதவு திறக்கிற சத்தம் கேக்குது? எண்ணெய் விடக்கூடாதா?"

"ஆட்டத்துல மாமா கிடையாது. அம்பயர்."

"சரிங்க அம்பயர் மாமா."

சிரித்துவிட்டேன். முகமூடிக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியும்?

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு டிப்போ அணியின் டிக்கெட்காரப் பெண் ஒருத்தி, மூன்று வீச்சிலும் காற்றை அடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சார், இந்தப் பந்து பாதி வழி வந்து மனசு மாத்திக்குது சார்."

"அடிக்கத் தெரியலைன்னா பந்தைச் சொல்லு."

"எனக்கு அடிக்கத் தெரியாதுதான். அதுக்கு ஏன் பந்து குழியில விழுது?"

டிப்போவின் பயிற்சியாளர் பழைய பஸ் டிரைவர். ஹாரன் என்று பேர், குரல் அப்படி. வெளியிலிருந்து முழங்கினார். "யோவ் சந்தேகம்! எங்க மேலெல்லாம் சந்தேகப்படுவே, உன் மச்சான் டீமு மேல மட்டும் படமாட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. பந்தை வாங்கிப் பார்த்தேன். தையலை ஒட்டிப் பூனை பிறாண்டின மாதிரி ஒரு கீறல். நகத்தை வைத்தால் மாட்டுகிறது. மஞ்சள் நிறப் புதுப்பந்து அது. கட்டாந்தரையில் உருண்டு வந்த கீறல் பரவலாக இருக்கும். இது ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருந்தது. யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பந்தைப் பொடிசின் கையில் கொடுத்தேன். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அம்பயர் புதுப்பந்தைக் கேட்சரிடம் கொடுப்பார், கேட்சர் பிட்சருக்கு எறிவாள். கிழவன் பந்தை எறிந்து, அது பாதியில் விழுந்து, ஜனம் சிரிக்க வேண்டாம் என்று யாரோ எந்தக் காலத்திலோ ஆரம்பித்து வைத்தது.

அதற்கப்புறம் நெட்டையின் கையை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. இடுப்பைத் தொட்டாள், சட்டையை இழுத்துவிட்டாள், நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். பந்தை வாங்கும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

பொடிசு குந்தினபடியே மெதுவாகச் சொன்னாள். "மாமா, அவ பெல்ட்டையே தொட்டுக்கிட்டு இருக்கா, பாத்தீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பார்த்தேன். என் வீட்டுப் பிள்ளை சொன்னபோது இன்னும் கூர்ந்து பார்த்தேன்.

இரண்டு வீச்சு கழித்து நெட்டை கையைத் தூக்கினாள். "அம்பயர், பந்தை மாத்துங்க."

"ஏன்?"

"சரியில்ல."

மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கையைத் தூக்கினாள். திருடனே தடயத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இதை எடுத்துக்கொண்டு வேறு கொடுங்கள் என்கிறானே, என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு வெறி ஏறியது. திருப்பிக் கொடுத்த பந்தைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கீறல். அவள் கையிலிருந்து வந்தது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஆட்டத்தை நிறுத்திவிட்டு வட்டத்துக்குப் போனேன். பிட்சர் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருக்கும். அதற்கு நடுவில் அவளை நிறுத்தினேன்.

"பெல்ட்டைக் கழட்டு."

கழற்றினாள். பக்கிளைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது.

"கையை விரி. நகத்தைக் காட்டு. கிளவுஸைக் குடு." எதிலும் ஒன்றும் இல்லை.

"முடியை அவிழ்த்து உதறு."

"முடியையா?"

"ஊசி, பின்னு எதாவது இருக்கும். உதறு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கொண்டையைப் பிரித்து, குனிந்து, எல்லார் முன்னாலும் தலையை உதறினாள். ஒரு ரப்பர் வளையம் மட்டும் விழுந்தது. வேலிப் பக்கமிருந்து எவனோ, "பேன் பாக்குறாருடோய்!" என்று கத்தினான். மைதானமே சிரித்தது. ஹாரனும் சிரித்தார். மச்சினன் மட்டும் சிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாவம், தன் அணிப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் அவனைச் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்றும் கிடைக்காதபோது ஆத்திரம் அடங்க வேண்டுமா இல்லையா? எனக்கு அதிகமானது. வாசலில் நின்ற காலத்திலும் அப்படித்தான். ஒன்றும் கிடைக்காதவன்தான் பெரிய திருடன் என்று தோன்றும்.

"கீறின பந்து உன் கையில இருந்து வந்துது. வீச்சு செல்லாது. இது முதல் தடவை. இன்னொரு பந்து இப்படி வந்தா நீ வெளியே."

"நான் கீறல."

"பின்னே பந்து தானா சொறிஞ்சுக்கிட்டுதா?"

அவள் வாயைத் திறந்தாள். கண் என்னைத் தாண்டி மச்சினன் பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டாள்.

கடைசிச் சுற்றுக்கு வந்தோம். சலவைக்கூடம் ஒரு ஓட்டம் முன்னால். டிப்போவின் முறை. நெட்டை முதல் வீச்சைப் போட்டாள், ஸ்டிரைக். அப்படி மூன்று சேர்ந்தால் அடிக்கிறவள் அவுட். பொடிசு பந்தைத் திருப்பி எறிந்தாள். நெட்டை அதை வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, காலடியில் மண்ணில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"போடு!" என்றேன்.

"இந்தப் பந்தைப் போட மாட்டேன்."

பந்து கைக்கு வந்த பிறகு பிட்சர் நினைத்த நேரம்வரை நிற்க முடியாது. நேரம் கடந்தால் எதிராளிக்கு ஒரு பால். கொடுத்தேன். அசையவில்லை. இன்னொன்று கொடுத்தேன். வேலிப் பக்கம் கூச்சல். சலவைக்கூடத்துப் பெண்களே, "போடுடீ! உன் திமிர் எங்க தலையில விடியுது!" என்று கத்தினார்கள். மச்சினன் வட்டத்தின் ஓரம்வரை வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?" என்றான். அவள் பந்தைத் தொடவில்லை. நாலாவது பாலும் ஆனது. அடிக்கிறவள் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போனாள்.

நான் வட்டத்துக்குப் போனேன்.

"என்ன நாடகம் இது?"

"வேற பந்து குடுங்க."

"அத்தனை பந்தையும் நீ கெடுப்பே, நான் மாத்திக்கிட்டே இருக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு. நீங்களே கொண்டுவந்து என் கையில குடுங்க. அங்க குடுத்து எறியச் சொல்ல வேணாம்." குரலை இறக்கினாள். "நான் அதை ஒரு தடவை போடறேன். அது உங்க பக்கம் வந்ததும், உங்க கண்ணு என்மேல வேணாம். என்னைத்தான் உரிச்சுப் பாத்துட்டீங்களே."

அங்க குடுத்து எறியச் சொல்ல வேணாம். அந்தச் சொல் எனக்குள் இறங்க கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கினதும் அவளை அறைய வேண்டும் போலத்தான் முதலில் இருந்தது. யாரைச் சொல்கிறாள் இவள்?

பையிலிருந்து ஒரு புதுப்பந்தை எடுத்து, அவள் எதிரிலேயே சுற்றிலும் நகத்தால் பார்த்து, கையில் வைத்தேன். என் இடத்துக்கு வந்தேன். பொடிசு நிமிர்ந்து, "என்ன மாமா, அவளுக்கு நீங்க எடுபிடியா?" என்று சிரித்தாள். நான் முகமூடியை இழுத்துவிட்டுக் குனிந்தேன்.

நெட்டை கையைச் சுற்றினாள். பந்து நேராக, கோடு போட்ட மாதிரி வந்து பொடிசின் கிளவுஸில் அறைந்தது. ஸ்டிரைக் என்றேன். பொடிசு எழுந்தாள். வழக்கம்போலக் கிளவுஸிலிருந்து பந்தை எடுத்தாள். வழக்கம்போல முழங்காலுக்குக் கீழே ஒட்டின மண்ணைத் தட்டுகிற மாதிரி அந்தக் கையைக் கீழே கொண்டுபோனாள். எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பிள்ளை சுத்தக்காரி என்று நினைத்திருக்கிறேன். மண்ணைத் தட்டுகிறவள் வெறுங்கையால் தட்டுவாள். இவள் பந்து இருக்கிற கையால் தட்டினாள்.

"நில்லு. எறியாதே. பந்தை இப்படிக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

பந்தில் கீறல். சூடு ஆறாத கீறல். ஓரத்தில் மஞ்சள் தோல் பிசிறாக நின்றது.

"காலை நீட்டு."

"மாமா..."

"நீட்டு!"

காலில் கட்டியிருந்த கவசத்தின் வாரைப் பூட்டுகிற இரும்புக் கொக்கி. மற்றதெல்லாம் மழுங்கல், பக்கவாட்டில் இருந்த ஒன்று மட்டும் அரத்தால் ராவி எடுத்த மாதிரி கூர். விரலை வைத்தேன், ரத்தம் வந்தது. கொக்கியின் இடுக்கில் மஞ்சள் தூள்.

என் மூக்குக்குக் கீழே. என் முட்டி இடிக்கிற தூரத்தில். தூரத்தில் நிற்கிறவளின் முடியை அவிழ்த்துப் பார்த்த எனக்குக் காலடியில் குந்தியிருந்தவளைப் பார்க்கத் தோன்றவில்லை. ஏன்? என் சோற்றைத் தின்று வளர்ந்தவள். அவளை ஒரு நாளும் சோதித்ததில்லை. ஊரையே சோதித்த எனக்கு வீட்டில் ஒரு இடத்திலாவது சோதிக்காமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த இடமாகப் பார்த்துத்தான் கை வைத்தார்கள்.

மச்சினன் ஓடிவந்தான். என் தோளில் கை போட்டு, ஏதோ விதி பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காதோரம் பேசினான்.

"அத்தான், சத்தம் போடாதீங்க. யாரும் பாக்கல. பந்து கெட்டா தண்டனை பிட்சருக்குத்தானே? இது ரெண்டாவது தடவை. அவளை அனுப்பிடுங்க. சட்டப்படியே முடிஞ்சுது."

"சட்டப்படியா?"

"அடுத்த வாரம் நம்ம பொண்ணுக்குப் பெரிய டீமுல செலக்‌ஷன். இது வெளியே வந்தா அவ வாழ்க்கை போச்சு. அந்த நெட்டை யாரு? இன்னிக்கி இங்க, நாளைக்கு வேற எங்கேயோ துணி துவைப்பா. நமக்கு அவ யாரு?"

"கொக்கியை ராவினது யாரு?"

அவன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். கொட்டகையில் அரம் வைத்திருக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும்.

பொடிசைப் பார்த்தேன். "நீ சொல்லு. அவளை வெளியே அனுப்பட்டுமா?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகமூடியைத் தலைமேல் தள்ளிவிட்டு, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். "ஏன் மாமா இவ்ளோ பெருசு பண்றீங்க? பிடிபட்டா அவதானே போவான்னு அப்பாவே சொன்னாரு. நமக்கு ஒண்ணும் வராது."

அவள் ஒரே ஒரு வார்த்தை வேறு மாதிரி சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மச்சினன் சொன்னது சட்டப்படி சரி. யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனால் என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் மனதில் வந்தது. ஆனால் 'நமக்கு' என்றாளே, அதில் நானும் இருந்தேன். அதுதான் என் உடம்பெல்லாம் தீ வைத்தது.

"பொடிசு வெளியே," என்றேன். "நீயும் வெளியே போடா."

"அத்தான்!"

"அத்தான் செத்துட்டான். அம்பயர் சொல்றேன், வெளியே போ."

"அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

"நீ அரம் வெச்சு ராவினதைச் சொல்வேன்."

"இனிமே உங்க வீட்டு வாசப்படியை மிதிச்சா என்னன்னு கேளுங்க!"

"மிதிச்சாலும் செருப்பைக் கழட்டிச் சோதிச்சுட்டுத்தான் உள்ளே விடுவேன், போடா."

ஹாரன் உள்ளே வந்துவிட்டார். "என்னய்யா, யாரை அனுப்பறே? பிட்சரைத்தானே அனுப்பணும்?"

"பந்தைக் கெடுத்தவளை அனுப்பறேன். பிட்சர் கெடுக்கல."

"ரூல்ல..."

"ரூல் எழுதினவனை வரச் சொல்லு. அதுவரைக்கும் நான்தான் அம்பயர்."

நெட்டை வட்டத்தை விட்டு அசையவில்லை. அவளிடம் போனேன். "நீ கீறல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போடு," என்றேன்.

"எனக்கு மட்டும் சொன்னா?"

"வேற என்ன செய்யணும்?"

"முடியை உதறுன்னு சொன்னப்ப வேலி வரைக்கும் கேட்டுதே உங்க குரல். இப்ப ஏன் தொண்டை கட்டிக்கிச்சு?"

ஒரு சின்னப் பெண் என்னை நிற்கவைத்துக் கேட்கிறாள். கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டே முகமூடியைக் கழற்றினேன். சலவைக்கூடத்தின் மேலாளர் வேலியோரம் குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தே கத்தினேன்.

"பிட்சர் மேல தப்பு இல்ல! பந்தைக் கீறினது கேட்சர், கீறச் சொன்னது கோச்! இந்தப் பொண்ணைச் சோதிச்சது என் தப்பு! நான் குடுத்த தண்டனையும் தப்பு! சீசன் தொடக்கத்துல இவளை வெளியேத்தினதும் இதே கொக்கியாத்தான் இருக்கும், அதையும் லீக்கு விசாரிக்கணும்! கேட்டுதா?"

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலாளர் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்கிறவன் முட்டாள்.

இப்போது கேட்சர் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆட்டம் கைவிட்டதாகிவிடும். சலவைக்கூடத்துப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மச்சினன் வெளியே போகிற வழியில் நின்று ஒவ்வொருத்தியாக முறைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அவன் கீழ்தானே வேலை? கடைசியில், எல்லையோரம் நின்றிருந்த இஸ்திரிக்காரம்மா ஆடி ஆடி வந்தாள். நல்ல கனம்.

"குடுங்க அந்தச் சாமானை. பிடிக்கத் தெரியாது, சொல்லிட்டேன். குந்தினா எழுப்பறதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

"உனக்கு ஏம்மா இந்த வேலை..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"போயா. உன் சட்டையை இனிமே நீயே தேச்சுக்கோ," என்றாள் அவள்.

கூர்க்கொக்கியை வாரோடு பிய்த்து எறிந்தேன். கவசத்தை ஷூ கயிற்றால் கட்டினோம். அவள் குந்தினாள். புதுப்பந்து ஒன்றை எடுத்து, வட்டம்வரை நடந்து போய், நெட்டையின் கையில் கொடுத்தேன். அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கை சுற்றியது. பந்து வந்தது. இஸ்திரிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கிளவுஸை நீட்டினாள். பந்து அவள் கிளவுஸுக்கு ஒரு சாண் பக்கத்தில் புகுந்து, கவசம் மூடாத என் தோள் எலும்பில் இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. மூச்சு வரவில்லை. வந்ததும், "ஸ்டிரைக்!" என்று கத்தினேன். ஸ்டிரைக்தான். சந்தேகமே இல்லை.

ஆட்டத்தை டிப்போ ஜெயித்தது. இஸ்திரிக்காரம்மா விட்ட பந்துகளிலேயே இரண்டு பேர் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள். ஹாரன், "நியாயமா ஜெயிச்சோம்" என்று ஊருக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். மேலாளர் போகும்போது நெட்டையிடம் நின்று, "நாளைக்குக் காலையில வழக்கம்போல வந்துடு. என்னைப் பாத்துட்டு வேலையில இறங்கு," என்றார். நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குப் புரியவில்லை. சூப்பர்வைசரைப் பார் என்று சொல்லவில்லை, அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

மைதானத்தின் ஓரத்துக் குழாயில் தோளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நெட்டை முகம் கழுவ வந்தாள். முடி இன்னும் அவிழ்ந்தே கிடந்தது. நான் நகர்ந்து இடம் விட்டேன். அந்தப் பந்து கைதவறி வந்ததா, குறிவைத்து வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் என்ன சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

அவளே கேட்டாள். "தோள் வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள்.